தோற்றவளுக்குப் பக்கத்தில்

இந்த வருடம் பயிற்றுநர்களாகவும் ரிங்கின் மூலையில் நிற்கும் உதவியாளர்களாகவும் சேர்ந்திருக்கும் உங்களில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். உள்ளே ஏறும்போது பயமாக இருக்காதா அக்கா என்று. இருந்தது. முதல் சண்டையிலிருந்து கடைசிச் சண்டை வரைக்கும் இருந்தது. ஆனால் அடி வாங்கப் போகிறோம் என்ற அந்தப் பயம் மணி அடித்ததும் போய்விடும். கையும் காலும் வேலை செய்யத் தொடங்கினால் அதற்கு இடமிருக்காது. எல்லாம் முடிந்து, கையைத் தூக்கிக் காட்டி, ரிங்கை விட்டு இறங்கிய பிறகு வருகிற பயம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதை மட்டும் உங்களிடம் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

நான் தெல்தோட்டைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். படிப்பு முடிந்ததும் கண்டி டவுனில் ஒரு புடவைக்கடைக்கு வேலைக்கு வந்தேன். கடையில் கூட நின்ற ஒருத்தி, கட்டுகஸ்தோட்டையில் பெண்களுக்கும் குத்துச்சண்டை பழக்குகிறார்களாம், சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்று இழுத்துக்கொண்டு போனாள். அவள் இரண்டாம் கிழமையே விட்டுவிட்டாள். எனக்கு விட முடியவில்லை. பிறகு தேசிய சம்பியன் ஆனது, படம் பேப்பரில் வந்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை.

எங்களைப் பழக்கியவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் மனிதர். பகலில் வான் ஓட்டுவார், மாலையில் எங்களைப் பழக்குவார். எதிரே நிற்பவளின் முகத்தைப் பார்க்காதே என்பதை எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்வார்.

"மூஞ்சப் பாத்தா எரக்கம் வரும், இல்லாட்டி பயம் வரும். நெஞ்சப் பாரு மகள். கை வாறத்துக்கு முந்தி நெஞ்சு காட்டிக் குடுத்துரும்."

நல்ல பாடம். அதனால் நிறையச் சண்டைகளில் ஜெயித்தேன். அதனாலேயே என்னோடு மோதிய பல பெண்களின் முகம் எனக்கு இன்றைக்கும் நினைவில் இல்லை. பிரியதர்ஷினியின் முகம் மட்டும் மறக்கவில்லை.

அந்தப் போட்டி கலகெதரவில் நடந்தது. ஒரு மண்டபத்தின் நடுவில் ரிங் போட்டிருந்தார்கள். வெளியே நல்ல மழை. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் மணி அடிப்பதுகூடச் சில நேரம் கேட்கவில்லை. நான் ஏற்கெனவே சம்பியன். என்னோடு இறுதிப் போட்டிக்கு வந்தவள்தான் பிரியதர்ஷினி, எல்லோருக்கும் தர்ஷி. வத்தேகமப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. என்னைவிட வயது குறைவு, நீளமான கைகள், இடது கைக்காரி. அரசாங்க அணி ஒன்றுக்கு அவளை எடுக்கப் பார்க்கிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. எடுத்தால் நிரந்தர வேலை. தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் வளர்ந்த பிள்ளைக்கு அது என்ன என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

முதல் சுற்றிலேயே அவளுடைய இடது கை என் மூக்கை உடைத்தது. இரத்தம் வாய்க்குள் வந்தது. இரண்டாம் சுற்றில் அவளுடைய தலைக்கவசத்தின் பக்கவாட்டில் என் வலது கை விழுந்தது. ஒரு குத்து சரியாக விழுந்தால் தோள் வரைக்கும் தெரியும். அது சரியாக விழுந்தது. நடுவர் சண்டையை நிறுத்தி, நின்றுகொண்டிருந்தவளுக்கு எட்டு வரைக்கும் எண்ணினார். அவளுடைய கண்களைப் பார்த்தார், ஏதோ கேட்டார், அவளும் பதில் சொன்னாள். எங்கள் மூலையிலிருந்து மாஸ்டர் 'வலது, வலது' என்று கத்திக்கொண்டிருந்தார். மூன்றாம் சுற்றில் இன்னும் சில வலது கொடுத்தேன். அவள் விழவில்லை. நின்றபடியே முடித்தாள். புள்ளியில் நான் ஜெயித்தேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்து, வியர்வை ஒழுகச் சிரித்தாள்.

ரிங் பக்கத்தில் இருந்த டொக்டர் அவளைக் கூப்பிட்டு, டோர்ச் அடித்துப் பார்த்து, கேள்வி கேட்டு அனுப்பினார். அவர் பார்த்தபோது அவள் நன்றாகத்தான் இருந்தாள். எந்த ஆளையும் குறை சொல்ல இதை நான் சொல்லவில்லை. ஆண்கள் போட்டியில் ஒருவருக்குத் தாடை உடைந்திருந்தது. சண்டைகள் எல்லாம் முடிந்துவிட்டதால் டொக்டரும் அம்புலன்ஸும் அவரோடு கண்டிக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது பரிசளிப்பு மட்டும்.

பெண்களுக்கு உடுப்பு மாற்ற ஒரே ஒரு அறைதான். ஜெயித்தவளும் தோற்றவளும் அதற்குள்தான் இருக்க வேண்டும். நான் மூக்கைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது தர்ஷி சுவரோரக் கதிரையில் உட்கார்ந்து கைக்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கிளவுஸுக்குள் நாங்கள் சுற்றும் அந்த நீளத் துணிப்பட்டியை மணிக்கட்டிலிருந்து சுற்றிச் சுற்றித்தான் எடுக்க வேண்டும். அவள் சுற்றிச் சுற்றி எடுத்தாள். நான் பைக்குள் துவாயைத் தேடி எடுத்தேன், முகத்தைத் துடைத்தேன், திரும்பினேன். அவள் இன்னும் அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பார்த்தேன். துணிப்பட்டி அவள் காலடியில் சுருண்டு கிடந்தது. கை வெறுங்கை. இல்லாத துணியை அவள் பொறுமையாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

துவாயைப் போட்டுவிட்டு அவள் முன்னால் போய் நின்றேன்.

"தர்ஷி, என்ன செய்ற?"

"கட்டு அவுக்கிறேங்க்கா." நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நம்ம சண்ட எப்பக்கா? கூப்புட்டாங்களா?"

அவளுடைய முகத்தை நான் முதன்முதலில் ஒழுங்காகப் பார்த்தது அப்போதுதான். சின்ன முகம். ஒரு புருவத்தில் பழைய தழும்பு. என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண்கள் எனக்குப் பின்னால் வேறு எதையோ பார்த்தன.

நான் ஓடிப்போய் அவளுடைய அணி மெனேஜரைக் கூட்டிவந்தேன். சிங்கள மனிதர், நல்லவர், அந்தப் பிள்ளைக்காக எத்தனையோ அலுவலகம் ஏறி இறங்கியவர். அவர் அவளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து கேள்விகள் கேட்டார். என்ன ஊர், இன்றைக்கு என்ன கிழமை, யாரோடு சண்டை பிடித்தாய், யார் ஜெயித்தது. எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தது. கொஞ்சம் மெதுவாக வந்தது, அவ்வளவுதான். தலை வலிக்கிறதா என்றதற்கு லேசாக என்றாள். அவர் எழுந்து, களைப்புத்தான், குளுக்கோஸ் கொடுத்திருக்கிறோம், வானில் படுத்துத் தூங்கினால் வத்தேகம போவதற்குள் சரியாகிவிடும் என்றார்.

தூங்கவிட வேண்டாம், கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கியது. தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்ததாக எழுதிவிட்டால் அவள் மாதக்கணக்கில் ரிங் ஏற முடியாது. அணித் தேர்வு கைநழுவிவிடும். இப்போது அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்வது யார்? அடுத்த வருடமும் அவளோடு மோத வேண்டியவள். அவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

தர்ஷி என் கையைப் பிடித்தாள்.

"ஆஸ்பத்திரி வேணாங்க்கா. எழுதிருவாங்க. எனக்கு வேல போயிரும்."

வெளியே ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். பதக்கம் வாங்க வரச் சொன்னார்கள். திரும்பவும் கூப்பிட்டார்கள்.

நீங்கள் மூலையில் நிற்கப் போகிறவர்கள். உங்களுக்கும் இப்படி ஒரு நிமிடம் வரும். ஆளைக் கேட்டால் ஒன்றுமில்லை என்பார். கேள்விக்குப் பதிலும் சரியாக வரும். கூட இருக்கிறவர்கள் உங்களைவிடப் பெரியவர்களாக இருப்பார்கள். உங்கள் கையில் இருப்பது நீங்கள் கண்ணால் கண்ட ஏதோ ஒன்று மட்டும்தான், அதுவும் இப்போது மறைந்துவிட்டிருக்கும். அன்றைக்கு நான் பிழை என்றால் ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்தவள் ஆவேன். நான் சரி என்றால், வானில் தூங்குகிறவள் எழும்பவே மாட்டாள். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று இருந்தது. அவள் தலையில் எது விழுந்தது, எவ்வளவு பாரமாக விழுந்தது என்று அந்த அறையில் இருந்தவர்களில் என் தோளுக்கு மட்டும்தான் தெரியும்.

மாஸ்டரிடம் போனேன். வானை எடுங்கள் என்றேன். அவருக்கு விருப்பமில்லை.

"அது எங்கட புள்ள இல்ல மகள். அவங்கட ஆக்கள் ஈக்கிறாங்க, டொக்டரும் பாத்துட்டார். நாங்க தலை போட ஏலா."

"கையில கட்டு இல்ல மாஸ்டர். இல்லாத கட்ட அவுத்துக்கிட்டு இருந்தா."

அவர் சாவியை எடுத்துக்கொண்டு மழைக்குள் போனார்.

அம்புலன்ஸுக்கு போன் அடித்துப் பார்த்தோம். பக்கத்தில் எதுவும் இல்லை, வரச் சுணங்கும் என்றார்கள். மெனேஜரிடம் நான் சொன்னது இதுதான். நான் கண்டது பிழை என்றால், தர்ஷிக்கு ஒன்றுமில்லை, நான்தான் பயந்துவிட்டேன் என்று எல்லோர் முன்னிலையிலும் வந்து சொல்வேன். அவர் தர்ஷியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில் அவரே அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வந்து, வானின் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

பின்சீட்டில் அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். கலகெதரவிலிருந்து இறங்கி வரும் பாதை உங்களுக்குத் தெரியும். வளைவுக்கு வளைவு அவள் தலை அசையாமல் இருக்கக் கையைக் கீழே கொடுத்துப் பிடித்தேன். வலது கை. அதைக் கவனித்தபோது கையை மாற்றிவிடத் தோன்றியது. மாற்றினால் தலை ஆடும் என்பதால் அப்படியே வைத்திருந்தேன்.

தூங்கவிடக் கூடாது என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தேன். அம்மாவின் பெயர் என்ன என்றேன். ராசாத்தி என்றாள். வீட்டில் நாய் இருக்கிறதா என்றேன். இருக்கு, கறுப்பு நாய், சும்மா குரைக்கும் என்றாள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்றேன். ரொட்டி என்றாள். கொஞ்ச தூரம் போனதும் வாந்தி எடுத்தாள். மெனேஜர் திரும்பிப் பார்த்தார். அதோடு அவரும் மாஸ்டரிடம் வேகமாகப் போகச் சொல்லத் தொடங்கினார்.

"எந்த ஸ்கூல்ல படிச்ச தர்ஷி?"

"ராசாத்தி."

"இல்ல, ஸ்கூலு. ஸ்கூல் எது?"

"ராசாத்தி."

அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் அந்த ஒரு பெயர்தான் வந்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வாகனங்கள் அடைபட்டு நின்றன. பஸ், லொறி, த்ரீவீல், எதற்கும் நகர இடமில்லை. மாஸ்டர் ஹோர்னை அழுத்திப் பிடித்தபடி இருந்தார். ஒருவரும் அசையவில்லை. தர்ஷி என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. அவளுடைய இமையைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் கருமணி ஒரே அளவில் இல்லை. அவள் இடது கை மட்டும் மூடித் திறந்து, மூடித் திறந்து கொண்டிருந்தது.

நான் என் வாழ்க்கையில் பல ஊர் ரிங்குகளில் ஏறியிருக்கிறேன். அப்படி ஒரு பயத்தை நான் கண்டதில்லை.

மாஸ்டர் ஸ்டியரிங்கை மெனேஜரிடம் விட்டுவிட்டு மழையில் இறங்கி ஓடினார். வயசான மனிதர், நொண்டி நொண்டி ஓடினார். பாலத்தடியில் நின்ற பொலிஸ்காரரிடம் கையைக் காட்டி ஏதோ சொன்னார். அந்தப் பொலிஸ்காரர் எதிர்ப் பக்கத்து வாகனங்களை நிறுத்தி, விசில் ஊதிக்கொண்டு முன்னால் நடந்து எங்களுக்குப் பாதை எடுத்துக் கொடுத்தார். அவருடைய முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளைத் தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். தலைக்குள் இரத்தம் கசிந்து மூளையை அழுத்துகிறது, உடனே ஒப்பரேஷன் என்று மெனேஜரிடம் கையெழுத்துக் கேட்டார்கள். அவர் படிவத்தைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். மாஸ்டர் ஒரு மூலையில் நனைந்த உடுப்போடு நின்றபடி வாய்க்குள் துஆ ஓதிக்கொண்டிருந்தார்.

மாலையில் அவளுடைய அம்மா வந்து சேர்ந்தார். தோட்டத்திலிருந்து அப்படியே வந்திருந்தார். விரலெல்லாம் கொழுந்துக் கறை. என்னுடைய விளையாட்டு உடுப்பைப் பார்த்துவிட்டு, கூட விளையாடும் பிள்ளை என்று நினைத்தாரோ என்னவோ, நேரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மெனேஜர் டொக்டரைத் தேடிப் போயிருந்தார். என்ன நடந்தது என்று சிங்களத்தில் சொல்லியிருப்பார்கள், அவருக்குப் பாதிதான் விளங்கியிருந்தது. நான் தமிழில் சொன்னேன். கேட்டுக்கொண்டு என் கையைத் தடவினார். விரல் முட்டி வீங்கியிருப்பது அவருக்குத் தட்டுப்பட்டது.

"ஒனக்கும் அடியாம்மா?"

இல்லை என்றேன்.

"அவள அடிச்ச புள்ள யாரு? நீ பாத்தியா?"

ஆஸ்பத்திரி நடைபாதையில் எத்தனையோ பேர் போய்வந்துகொண்டிருந்தார்கள். யாராவது வந்து எங்கள் பேச்சைக் குழப்பிவிட மாட்டார்களா என்று இருந்தது. யாரும் வரவில்லை.

"நாந்தாம்மா."

அவர் கையை எடுத்துக்கொண்டார். நிதானமாக, சூடான பாத்திரத்திலிருந்து எடுப்பது போல எடுத்தார்.

"வேணும்னே அடிச்சியா?"

"அடிக்கத்தான் போனேன்மா. இப்புடி ஆகும்னு அடிக்கல."

அதைவிட உண்மையான பதில் எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. அவர் எழுந்து தள்ளிப்போய் வேறு ஒரு மர வாங்கில் உட்கார்ந்தார். எனக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது. மாஸ்டரும் வா போவோம் என்று கண்ணைக் காட்டினார். நான் எழுந்தேன். அப்போது அந்த அம்மா, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"போயிராத. டாக்டரு வந்தா எனக்குச் சொல்றதுக்கு ஆளில்ல."

உட்கார்ந்துவிட்டேன்.

இருட்டிய பிறகு ஒரு இளம் டொக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பக்கத்துத் தமிழ். "அம்மா, இரத்தக்கட்டி எடுத்தாச்சு. இப்ப ஒண்டும் சொல்லேலாது. பொறுத்துத்தான் பாக்கோணும்" என்றார். அந்த அம்மாவுக்கு அது தமிழிலேயே சொல்லப்பட்டுவிட்டது. என்னால் இனி ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் என்னைப் போகச் சொல்லவில்லை, நானும் போகவில்லை.

தர்ஷி பிழைத்தாள். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் மனதைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். ஆனால் பல நாள் கண் திறக்கவில்லை. திறந்த பிறகும் பேச்சு திரும்ப மாதங்கள் ஆகின. அந்த இடது கை முழுதாகத் திரும்பவில்லை. குத்துச்சண்டை முடிந்தது, அணி வேலையும் முடிந்தது. விசாரணைக்கு வந்தவர்கள் என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். உன்னில் பிழை இல்லை, எல்லாம் விதிமுறைப்படிதான் நடந்திருக்கிறது என்றார்கள்.

என் வலது கைக்கு அது போதவில்லை. பயிற்சியில் யாருடைய தலைக்காவது நேராக அதை அனுப்பினால் பாதி வழியில் நின்றுவிடும். மணல் பையைக் குத்தினால் ஒன்றுமில்லை, ஆளைக் கண்டால் நிற்கும். கடையில் புடவையை விரித்துக் காட்டும்போது எதிரே இருக்கும் வாடிக்கையாளரின் கருமணி இரண்டும் ஒரே அளவா என்று பார்ப்பேன். பஸ்ஸில் யாராவது கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கினால் எழுப்பிவிடத் தோன்றும். மாஸ்டரிடம் சொன்னேன். அவர் ஏதாவது வழி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "வலது வலதுன்னு கத்தினது நான் மகள். எனக்கும் தூக்கமில்ல" என்றார். நாங்கள் இருவரும் பயிற்சி நடக்கும் அந்தப் பழைய களஞ்சியக் கட்டடத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

கடைசியில் வத்தேகமவுக்குப் போனேன். தர்ஷி காம்பராவுக்கு முன்னால் ஒரு கதிரையில் உட்கார்ந்து போஞ்சிக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். தலையில் முடி குட்டையாக வளர்ந்திருந்தது. இடது கையால் காயைப் பிடிக்கப் பார்ப்பாள், அது நழுவும், திரும்பப் பிடிப்பாள். என்னைக் கண்டதும் சிரித்தாள். அவளுடைய அம்மா உள்ளே அடுப்படிக்குப் போனார்.

அன்றைய நாளில் அவளுக்கு எதுவுமே நினைவில் இல்லை. காலையில் வானில் ஏறியது தெரியும், அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி விளக்குத்தான். எல்லோரும் தான் மயங்கியதைப் பற்றித்தான் சொல்கிறார்கள், சண்டையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை என்றாள். வார்த்தைகள் ஒன்றொன்றாக, இடைவெளி விட்டு வந்தன.

"நீங்க சொல்லுங்க்கா. மொத ரவுண்டுலேருந்து."

நான் சொன்னேன். முதலில் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவள் குறுக்கே கேள்வி கேட்டாள். தான் எந்தக் காலை முன்னால் வைத்திருந்தாள், என்னைக் கயிற்றோரம் தள்ளினாளா, நான் எப்படித் தப்பினேன். தொழில் தெரிந்தவர்கள் கேட்கும் கேள்விகள்.

"நான் ஒங்கள அடிச்சேனா?"

"அடிச்ச. மூக்க ஒடச்சிட்ட. ரத்தம் வாய்க்குள்ள வந்துச்சு."

அடுப்படிச் சத்தம் நின்றது. அவளுடைய அம்மா வாசலில் வந்து நின்று, "நெசமாவா?" என்று கேட்டார். நிசந்தான் என்று மூக்கைத் தொட்டுக் காட்டினேன். அந்த அம்மா என்னை முழுசாகப் பார்த்தது ஆஸ்பத்திரிக்குப் பிறகு அப்போதுதான். கொஞ்ச நேரத்தில் எனக்குத் தேத்தண்ணி வந்தது.

புறப்படும்போது தர்ஷி அடுத்த சண்டை யாரோடு என்று கேட்டாள். இனி ஏறுவதாக இல்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். நான் அவளுடைய இடது கையைப் பார்த்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தில் அவளுக்குப் பேச்சு இன்னும் திக்கியது.

"ஒங்களுக்கு வேணாம்னா நிறுத்துங்க. என் பேரச் சொல்லி நிறுத்தாதீங்க. அப்புறம் நான் அடி வாங்குனவ மட்டுந்தான். வேற ஒண்ணுமில்ல."

பஸ்ஸில் வரும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அவளுக்குப் பரிகாரமாக எதையோ கொடுக்கிறேன் என்று நான் நினைத்திருந்தேன். அவள் அதைக் கேட்கவே இல்லை.

இன்னும் ஒரு சண்டைக்கு ஏறினேன். மாத்தளையிலிருந்து வந்த ஒரு சிங்களப் பெண். மாஸ்டர் மூலையில் தண்ணீர்ப் போத்தலை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். முதல் சுற்று முழுக்க நான் அடியை வாங்கிக்கொண்டுதான் இருந்தேன். இரண்டாம் சுற்றில், யோசிக்க முதல், பழக்கத்தில் கை தானாகப் போய்விட்டது. அவள் தலையில் விழுந்தது. அவள் முழங்கால் ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது.

நான் பின்னுக்கு நகர்ந்தேன். சனம் கூச்சல் போட்டது. நடுவர் எண்ணிவிட்டுச் சண்டை பிடிக்கச் சொன்னார். அவருக்கு அவள் சரியாகத் தெரிந்தாள். எனக்கு வானின் பின்சீட்டு தெரிந்தது. மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததற்கு மாறாக, நான் நெஞ்சை விட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். என் இடது கையை மெல்ல ஒரு பக்கம் அசைத்தேன். அவள் கண்கள் அதன் பின்னால் வந்தன. மறுபக்கம் அசைத்தேன். வந்தன. நல்ல கோபமான கண்கள். பிறகு அவள் பாய்ந்து வந்து என் காதோரம் ஒன்று கொடுத்தாள். அவள் அங்கேதான் இருந்தாள், முழுதாக இருந்தாள். நானும் சண்டை பிடித்தேன். உடம்பில் அடித்தேன், தலைக்கும் அடித்தேன், ஒவ்வொரு அடிக்குப் பிறகும் கண்ணைப் பார்த்தேன். பயம் என்னோடு மூன்று சுற்றும் கூடவே வந்தது. மயிரிழையில் ஜெயித்தேன். அதுதான் என் கடைசிச் சண்டை என்று கையைத் தூக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அது யாருடைய பெயரிலும் எடுத்த முடிவல்ல.

நீங்கள் யாருடைய மூலையில் நின்றாலும், சண்டை முடிந்த பிறகு தோற்றவருக்குப் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும் என்று நான் தொல்லை கொடுப்பது இதனால்தான். அது உங்கள் ஆளாக இல்லாவிட்டாலும் போய் இருங்கள். கேள்வி கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். கையைப் பாருங்கள், சப்பாத்தைக் கழற்றுவதைப் பாருங்கள், பேச்சைக் கேளுங்கள். உங்களைக் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

அந்தக் கடைசிச் சண்டை அன்றைக்கு நான் பதக்கத்தை வாங்கியதும் நேரே அந்த மாத்தளைப் பெண்ணிடம் போனேன். அவள் மீன் அடைத்த மாலு பணிஸ் ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டாள். ஒன்றுமில்லை, சும்மா என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, புள்ளி போட்டவர்களைத் திட்டத் தொடங்கினாள். முதல் சுற்று முழுக்கத் தன்னுடையது என்றாள். கயிற்றோரத்தில் தான் கொடுத்த இரண்டும் இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரருக்குத் தெரியவே இல்லை என்றாள். இரண்டாம் சுற்றில் நடுவர் தன்னை எண்ணியதே பிழை என்றாள். மூன்றாம் சுற்றில் நான் அவளைப் பிடித்துக்கொண்டு தொங்கியதை அப்படியே எழுந்து நின்று செய்து காட்டினாள். எல்லாம் வரிசையாக, ஒன்று விடாமல், நடந்தது நடந்தபடியே வந்தது. நீ ஜெயிக்கவே இல்லை, மண்டபம் முழுக்கப் பார்த்தது என்று முடித்துவிட்டு, திரும்பவும் முதல் சுற்றுக்குப் போனாள்.

மாஸ்டர் வாசலில் எட்டிப் பார்த்து, மழை வரப் போகிறது, வானில் ஏறு மகள் என்றார்.

"நீங்க முன்னுக்குப் போங்க மாஸ்டர்," என்றேன். "இந்தப் புள்ள இன்னும் பேசி முடிக்கல."